ராஜப்பன் போட்ட மேகம்

தர்மபுரி ராஜப்பன் ஸ்டூடியோவில் படம் எடுத்துக்கொண்டவர் ஒருவருக்கும் அம்மை வடு கிடையாது. பென்சில் முனையால் தடவித் தடவி அத்தனையையும் மறைத்துவிடுவார். வெறும் மஞ்சள் கயிறு போட்ட கழுத்தில் இரட்டை வடச் சங்கிலி ஏறும். கல்யாணப் படம் என்றால், மணமக்களைச் சுற்றி வெண்மேகம் ஒன்றைத் தூரிகையால் சுழற்றி விடுவார். பெண்ணைப் பெற்றவர்களுக்கு அந்த மேகம் என்றால் உயிர். இதை ஏமாற்று வேலை என்று யாராவது சொல்லியிருந்தால் ஊரே சண்டைக்கு வந்திருக்கும்.

அப்பேர்ப்பட்டவரிடம் போய்த்தான் 1937-இல் அதியமான்கோட்டை நஞ்சப்பன் வானத்தைப் படம் எடுத்துத் தரச் சொன்னார். நஞ்சப்பன் ஓய்வுபெற்ற சர்வேயர். சீமைக்குத் திரும்பிய துரை ஒருவர் விட்டுப்போன தொலைநோக்கியைப் புழக்கடையில் கல்தூண் மேல் நிறுத்தி வைத்திருந்தார். கார்த்திகை மீன்களைச் சுற்றிப் புகைபோல ஒரு படலம் உண்டு, கண்ணுக்குச் சிக்காது, நெடுநேரம் வெளிச்சம் குடித்த கண்ணாடித் தகட்டில் மட்டுமே விழும் என்று எங்கோ படித்திருந்தார். அதை ஒரு தரம் பார்த்துவிட வேண்டும். அவசரமும் இருந்தது. அவருடைய பார்வை ஓரங்களிலிருந்து சுருங்கிக்கொண்டே வந்தது. கண் நரம்பு பட்டுப்போகிறது, மருந்து இல்லை என்று சேலத்து டாக்டர் கைவிரித்துவிட்டார்.

மணமக்களைப் பிடிக்கிற லென்ஸையே கேமராப் பெட்டியோடு தொலைநோக்கியின் முதுகில் கட்டினார்கள். வானம் நகர நகரத் தொலைநோக்கியும் நகர வேண்டும். அதற்கு ராஜப்பன் ஒரு நட்சத்திரத்தைத் தொலைநோக்கிக்குள் தெரியும் குறுக்கு நூலின் மேல் நிறுத்தியபடி, கண்ணை எடுக்காமல் திருகாணியைத் திருப்பிக்கொண்டே இருக்க வேண்டும். ஒரு தும்மல் போதும், எல்லாம் பாழ். முதல் தகட்டில் நட்சத்திரங்கள் புழுக்களாக நெளிந்தன. அடுத்ததில் லென்ஸ் மேல் பனி இறங்கியது. இன்னொன்றைக் கோயில் கூத்துக்குக் கட்டிய பெட்ரோமாக்ஸ் வெளிச்சம் கெடுத்தது.

மாசியில் கார்த்திகைக் கூட்டம் மேற்கே சாய்ந்துவிட்டது. அது திரும்பி வரும்போது நஞ்சப்பனுக்குப் பார்வை இருக்குமா என்று யாருக்கும் தெரியாது. ராஜப்பனுக்கு மனசு பொறுக்கவில்லை. ஒரு மத்தியானம், உள்ளதில் நல்ல படத்தை எடுத்துவைத்துக்கொண்டு தூரிகையைக் கையிலெடுத்தார்.

படத்தைப் பூதக்கண்ணாடியால் பார்த்த நஞ்சப்பனுக்குக் கண் கலங்கிவிட்டது. அப்போதுதான் மோர் கொண்டுவந்த அவர் மனைவி கோவிந்தம்மாள் எட்டிப் பார்த்தாள்.

"அட, நம்ம செல்லம்மா கண்ணாலப் படத்துலகூட இதே மேகந்தானுங்களே!" என்றாள் ஆசையாக.

நஞ்சப்பன் எழுந்து தடவிக்கொண்டே போய், சுவரிலிருந்த மகளின் கல்யாணப் படத்தைக் கழற்றி வந்தார். இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். அதே சுழி, அதே இழுப்பு.

"கார்த்திகைக்கு எப்பக் கண்ணாலம் பண்ணி வெச்ச, ராஜப்பா?"

"அழகா இருந்தா சந்தோசப்படுவீங்கன்னுதாங்கண்ணா..."

"கண்ணு போறதுக்குள்ள நெசத்தைப் பாக்கணும்னுதான் உன்னைக் கூப்புட்டேன். பொய்யைப் பாக்கறதுக்குக் கண்ணு எதுக்கு?"

ராஜப்பனுக்கு அவமானத்தில் காது சுட்டது. மோரைக்கூடத் தொடாமல் சைக்கிளை எடுத்தார்.

ஆனால் அடுத்த மார்கழியில் அவராகவே வந்து நின்றார். நஞ்சப்பன் தடுக்கவில்லை. இந்தத் தடவை ராஜப்பன் மணலை வறுத்துத் துணியில் முடிந்து, பனி இறங்காதபடி லென்ஸைச் சுற்றிக் கட்டினார். கூத்து இல்லாத நாளாகப் பார்த்தார். ஒரே தகட்டை நம்பாமல் மூன்று எடுத்து, நட்சத்திரத்தின் மேல் நட்சத்திரம் விழும்படி அடுக்கி அச்சுப் போட்டார். தூசியும் கீறலும் தகட்டுக்குத் தகடு இடம் மாறும். வானத்தில் உள்ளது மாறாது. தூரிகைகளை மனைவியிடம் கொடுத்துப் பூட்டிவைக்கச் சொல்லியிருந்தார்.

படத்தோடு அவர் வந்தபோது நஞ்சப்பனுக்கு வெளிச்சம் எது, இருட்டு எது என்பதற்கு மேல் எதுவும் தெரியவில்லை.

"வந்துருச்சா?"

"வந்துருச்சுங்கண்ணா. மூணு தகட்டுலயும் ஒரே எடத்துல இருக்குது."

"எப்படி இருக்குது?"

இப்போது ராஜப்பன் என்ன சொன்னாலும் செல்லும். படத்தைப் பார்த்த கோவிந்தம்மாள் உதட்டைப் பிதுக்கிவிட்டு உள்ளே போய்விட்டாள்.

"அழகா இல்லீங்கண்ணா. ஈரக்கையால தொட்டுட்டாப்பல ஒரு கறை. கண்ணாலப் படத்தை இப்படிக் குடுத்தா மூஞ்சியிலயே விட்டெறிவாங்க."

நஞ்சப்பன் சிரித்தார். கையை நீட்டிப் படத்தை வாங்கி மடியில் வைத்துக்கொண்டார்.

"அந்தக் கறை மேல என் வெரலை வையி."

ராஜப்பன் அவர் விரலைப் பிடித்து வைத்தார்.

"தொடைச்சு கிடைச்சு வுடலையே?"

"கையே வெக்கலீங்க."

"அப்பப் பாத்துட்டேன்" என்றார் நஞ்சப்பன்.