ஐந்தாவது கேபிளின் பொட்டு

பரிதி, பகலவன் இரண்டு பெயருக்கும் சூரியன் என்றுதான் பொருள். தஞ்சாவூர்ப் பொறியியல் கல்லூரி ஒன்றின் கடைசி வருட வகுப்பில் இருவரும் பக்கத்துப் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்திருந்தார்கள். வருகைப் பதிவேட்டில் ஒருவன் பெயருக்கு இன்னொருவன் குரல் கொடுத்தால், எந்த ஆசிரியருக்கும் தெரியாது. நட்பு என்பதற்குப் பரிதி வைத்திருந்த விளக்கமும் ஏறக்குறைய அதுதான்.

பரிதியின் ஊர் ஒரத்தநாட்டுக்குத் தெற்கே, ஒரு கிளை வாய்க்காலின் கடைமடையில், தண்ணீர் கடைசியாக வந்து சேரும் இடத்தில் இருந்தது. அந்த வாய்க்காலைத்தான் அவன் ப்ராஜெக்ட் ஆக்கியிருந்தான். வாய்க்கால் தொடங்கும் தலைப்பில் தண்ணீர் திறந்தால் எந்த வயலுக்கு எப்போது போய்ச் சேரும் என்பதைக் கம்ப்யூட்டரில் ஓடவிட்டுக் காட்ட வேண்டும். ஓடவிட்டான். பழைய கிராபிக்ஸ் கார்டு முக்கி முனகி, முழு வீடியோவுக்குப் பத்தொன்பது நாள் ஆகும் என்றது. மேட்டூரிலிருந்து நிஜத் தண்ணீரே அதற்குள் வந்துவிடும். சில வருடம் வராது. அது வேறு விஷயம்.

புதுக் கார்டுக்கு ஆர்டர் போட்டான். அது ஏராளமாகக் கரன்ட் இழுக்கும் ஜாதி. கேபினெட்டோடு இலவசமாக வந்த பழைய பவர் சப்ளை அதைத் தாங்காது என்று எல்லோரும் சொன்னார்கள். எல்லோரும் என்றால் பகலவன்.

"கார்டுக்கு இருநூறு, ப்ராசஸருக்கு நூறு, மத்ததுக்கு ஒரு நூறு, அதுக்கு மேல கொஞ்சம் மூச்சு விட இடம். அறுநூத்தம்பது வாட் வாங்கிடு மச்சி. மாடுலரா வாங்கு."

"மாடுலர்னா?"

"கேபிள் எல்லாம் தனித்தனியா கழட்டி மாட்டலாம்."

"எதுக்குக் கழட்டணும்?"

"நாளைக்கு ஒரு தேவை வரும்டா" என்றான் பகலவன். பிற்பாடு யோசித்தால், அவன் பொய்யே சொல்லவில்லை. யாருடைய தேவை என்பதை மட்டும் சொல்லவில்லை.

மூன்று வாரம் பகலவன் உயிரைக் கொடுத்து உழைத்தான். வீடியோ வீடியோவாகப் பார்த்தான். பரிதி காட்டிய ஒவ்வொரு பவர் சப்ளைக்கும் ஒரு குறை கண்டுபிடித்தான். இது சத்தம் போடும், அது சூடாகும், இன்னொன்றின் டப்பா நிறம் சரியில்லை. கடைசியில் ஒரே கம்பெனியின் ஒரே மாடலில் வந்து நின்றான். பெண் பார்க்கப் போகும் வீட்டில்கூட யாரும் இவ்வளவு விசாரிப்பதில்லை என்று பரிதி உருகிப்போனான்.

அதைத் தஞ்சாவூரில் நஃபீசா அக்காவின் கம்ப்யூட்டர் கடையில்தான் வாங்கினார்கள். அக்கா முதலில் வேறொன்றை எடுத்து வைத்தார்.

"உங்களுக்கு இதுவே போதும் தம்பி. கேபிள் கழட்டுற மாடல் எதுக்கு?"

"இல்லக்கா, அதுதான் வேணும்" என்றான் பகலவன். வாங்குகிறவன் பரிதி.

"அப்ப ஒண்ணு கேட்டுக்குங்க. வேற கம்பெனி கேபிளை எடுத்து இதுல மாட்டிடாதீங்க. பார்க்க ஒரே மாதிரி இருக்கும், சொருகுனா உள்ளயும் போகும். ஆனா உள்ள கம்பி மாறியிருக்கும். ஆன் பண்ணதும் டிஸ்க் போயிடும்."

பரிதி தலையாட்டினான். பகலவன் அவனைவிட வேகமாகத் தலையாட்டினான்.

வீட்டுக்கு வந்ததும் பெட்டியைப் பிரித்து, ஐந்து கேபிளுக்கும் பரிதி நெயில் பாலிஷால் ஒரு பொட்டு வைத்தான். இது பரம்பரை வியாதி. நெல் கொள்முதல் நிலையத்துக் கூட்டத்தில் ஒரு தடவை சாக்குகள் மாறிப்போனதிலிருந்து, அவன் அப்பா கோவிந்தராசு தொட்டதற்கெல்லாம் நீலப் பெயின்ட்டில் 'கோ' என்று போட்டுவிடுவார். சாக்கு, மண்வெட்டி, பிளாஸ்டிக் நாற்காலி எல்லாவற்றிலும் 'கோ' உண்டு. மாட்டை அம்மா தடுத்துவிட்டார். பெயின்ட் கேபிளில் ஒட்டாது என்பதால் பரிதி தன் அக்கா சுடர்விழியின் மெரூன் பாட்டிலை எடுத்துக்கொண்டான்.

"என்னடா, நெல்லு மூட்டையா இது?" என்று பகலவன் விழுந்து விழுந்து சிரித்தான். சிரித்து முடித்துவிட்டு, "கார்டு வர நாலு நாள் ஆகும்ல? சப்ளையை நான் எடுத்துட்டுப் போய் டெஸ்ட் பண்ணித் தரேன். கேபிளும் இருக்கட்டும்" என்றான்.

இவனல்லவோ நண்பன் என்று பரிதி அவனைப் பெட்டியோடு பஸ் ஏற்றிவிட்டான்.

வெள்ளிக்கிழமை காலை கார்டு வந்தது, பின்னாலேயே பகலவனும் பெட்டியோடு வந்தான். எல்லாவற்றையும் அவனே மாட்டினான். திங்கட்கிழமை ரிவ்யூ. புதுக் கார்டில் ஓடவிட்டால் ஞாயிற்றுக்கிழமை சாயங்காலத்துக்குள் தண்ணீர் கடைமடைக்கு வந்துவிடும். ஆறு மாத உழைப்பு முழுவதும் ஹார்ட் டிஸ்கில் இருந்தது. வேறெங்கும் இல்லை, ஊரில் வரும் நெட்டில் அதை ஏற்ற ஆரம்பித்தால் பரிதியின் பேரன்தான் முடித்து வைக்க வேண்டும்.

ஸ்விட்சைப் போட்டார்கள். கார்டின் விசிறிகள் அழகாகச் சுற்றின. நீல விளக்கு எரிந்தது. டிஸ்க் இருந்த பக்கம் 'டப்' என்றது. ஊதுபத்தி அளவுக்குப் புகை வந்தது. அதில் வாசனை மட்டும் இல்லை.

பரிதி அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டான். பகலவன் அவன் தோளில் கை போட்டான்.

"பழைய டிஸ்க்டா அது. புதுப் பவரைத் தாங்கல."

அந்த விளக்கத்தில் ஏதோ ஒரு தத்துவம் இருப்பதுபோல் பரிதிக்குப் பட்டது. மதியம் பகலவன் பரோட்டா வாங்கித் தந்தான். பரிதி அழுதுகொண்டே நாலு சாப்பிட்டான்.

சனிக்கிழமை டிஸ்கை நஃபீசா அக்காவிடம் கொண்டு போக எல்லாவற்றையும் கழற்றினான். சுடர்விழி பக்கத்தில் உட்கார்ந்து வேடிக்கை பார்த்தாள். ஒரத்தநாட்டில் கால்நடை மருத்துவம் படிக்கிறவள், லீவில் வந்திருந்தாள். டிஸ்கில் செருகியிருந்த கேபிளைக் கையில் எடுத்துத் திருப்பிப் பார்த்தாள்.

"இது என் பாலிஷ் இல்லடா."

"உன்னோடதுதான். நான்தான வச்சேன்."

"என்னோடது மெரூன். இது ரோஸு. அந்த நாலையும் பாரு, இதையும் பாரு. மெரூனுக்கும் ரோஸுக்கும் வித்தியாசம் தெரியாதாடா, எருமை."

பரிதி பார்த்தான். நாலு மெரூன். ஒன்று ரோஸ்.

"இன்சூரன்ஸ் மாட்டுல இதைத்தான் செய்வாங்க" என்றாள் சுடர்விழி. "செத்த மாட்டுக் காதுல, உயிரோட இருக்கிற இன்சூரன்ஸ் மாட்டோட நம்பர் வில்லையைக் குத்திக் கொண்டாந்து காட்டுவாங்க. காதைப் பார்த்தாலே தெரியும், ஓட்டை புதுசா இருக்கும்."

கடையில் நஃபீசா அக்கா கேபிளின் முனையைப் பார்த்ததுமே கீழே வைத்துவிட்டார். "இது இந்த சப்ளையோட கேபிளே இல்ல தம்பி. வேற கம்பெனி. அன்னைக்கே சொன்னேனே?"

"என் பொட்டு இருக்கேக்கா" என்றான் பரிதி, அப்படியெல்லாம் இல்லையென்று யாராவது நிரூபித்துவிட மாட்டார்களா என்ற கடைசி ஆசையில்.

"பொட்டு வச்சுட்டா சொந்தமாயிடுமா? டிஸ்க்கை சென்னைக்கு அனுப்பிப் பார்க்கலாம். மூணு வாரம் ஆகும். வந்தா வரும்."

ஞாயிற்றுக்கிழமை பதினோரு மணிக்குப் பரிதி ஒரத்தநாட்டில் பகலவனுடைய வீட்டு வாசலில் நின்றான். பகலவனின் அம்மா, "வாப்பா பரிதி, உள்ளதான் இருக்கான்" என்று சொல்லிவிட்டுக் காபி போடப் போனார். பகலவனின் கம்ப்யூட்டர் எப்போதும்போல் பக்கத் தகடு இல்லாமல் திறந்து கிடந்தது, ஓடிக்கொண்டிருந்தது. உள்ளே, பரிதியுடையதைப் போலவே ஒரு பவர் சப்ளை. அதே கம்பெனி, அதே மாடல், கொஞ்சம் கீறல் விழுந்த பழசு. அதிலிருந்து டிஸ்குக்குப் போகும் கேபிளில் ஒரு மெரூன் பொட்டு.

அப்போதுதான் அவனுக்கு விளங்கியது. பகலவன் மூன்று வாரம் பவர் சப்ளை தேடவில்லை. ஒரு கேபிள் தேடியிருக்கிறான்.

"எப்ப வாங்குன இதை?"

பகலவன் திரையிலிருந்து திரும்பினான். பரிதியின் கண் எங்கே இருக்கிறது என்று பார்த்தான்.

"போன மாசம். செகண்ட் ஹேண்ட். டிஸ்க் கேபிள் மட்டும் இல்லாம குடுத்துட்டான்."

"அதுக்காக என்னோடதை எடுத்தியா?"

"ரிவ்யூ முடிஞ்சதும் மாத்தி வச்சிருப்பேன்டா. அதுவரைக்கும் உனக்கும் ஒண்ணு வேணும்ல? என் பழைய சப்ளையோடது இருந்துச்சு, போட்டேன். எல்லாம் ஒரே கேபிள்தான."

"அந்தக்கா சொல்றப்ப நீதானடா தலையாட்டுன?"

"அவங்க வியாபாரத்துக்கு ஆயிரம் சொல்லுவாங்க."

"பொட்டு?"

"அது மலர்க்கொடியோடது." தங்கையைக் காட்டிக்கொடுத்த குற்ற உணர்ச்சி பகலவன் முகத்தில் லேசாகத் தெரிந்தது. "நீ பார்த்தா வீணா பயப்படுவேன்னுதான்..."

வழியெல்லாம் பஸ்ஸில் தயாரித்துக்கொண்டு வந்த வசவுகள் ஒன்றுகூடப் பரிதிக்கு ஞாபகம் வரவில்லை. கேட்க ஒரே ஒரு கேள்விதான் மிச்சமிருந்தது.

"எல்லாம் ஒண்ணுதான்னா, அந்தக் கேபிளை நீ உன் மிஷின்லயே போட்டிருக்கலாமே?"

பகலவன் அவனை வியப்பாகப் பார்த்தான். இதுகூடவா தெரியாது என்பதுபோல.

"என் டிஸ்க்ல ப்ராஜெக்ட் இருந்துச்சுடா."

காபி வந்தது. வேண்டாம் என்றால் அந்த அம்மா காரணம் கேட்பார் என்பதால் பரிதி குடித்தான். டம்ளரை வைத்துவிட்டு மெரூன் பொட்டை நோக்கிக் கையை நீட்டினான். பாதியில் நிறுத்திக்கொண்டான். ஓடுகிற மிஷினில் கேபிளைப் பிடுங்கக் கூடாது, டிஸ்க் போய்விடும். இரண்டாம் வருடத்தில் அதைச் சொல்லிக் கொடுத்தவன் பகலவன்தான்.

"ரிவ்யூ முடிஞ்சதும் தரேன்டா, சத்தியமா" என்று வாசல்வரை வந்து வழியனுப்பினான்.

திங்கட்கிழமை பரிதியிடம் மிச்சமிருந்தது பன்னிரண்டு வினாடி வீடியோ. பழைய கார்டில் ஓடியவரைக்கும் சோதனைக்காக எடுத்து, எப்போதோ சுடர்விழிக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பியது. அதைத் திரையில் போட்டான். தலைப்பில் மதகு திறந்தது. தண்ணீர் நுரையோடு வந்தது. முதல் மதகு, இரண்டாவது மதகு, மூன்றாவது மதகு. அங்கேயே நின்றுவிட்டது. அதற்குக் கீழே அவன் ஊர் வரைக்கும் வாய்க்கால் காய்ந்து கிடந்தது.

பேராசிரியர் சந்தானகிருஷ்ணன் கண்ணாடியை ஏற்றிக்கொண்டார். அவருக்கும் குத்தாலம் பக்கம் ஒரு காலத்தில் நிலம் இருந்தது.

"கடைமடைக்குத் தண்ணி வரலையேப்பா?"

"வரலைங்க சார்."

"தலைப்புல நிறையத்தான விட்டிருக்க? எங்க போச்சு?"

இரண்டாவது வரிசையில், அடுத்து தன் முறைக்காகக் காத்திருந்த பகலவன் குனிந்து மடியில் எதையோ தேடினான்.

"நடுவுல ஒருத்தர் தன் பக்கம் திருப்பி விட்டுட்டாருங்க சார்."

வகுப்பு சிரித்தது. சந்தானகிருஷ்ணனும் சிரித்தார். "அப்ப உள்ளபடியே எடுத்திருக்க. யாரு, மேல்மடைக்காரனா?"

"இல்லைங்க சார்" என்றான் பரிதி. "தெரிஞ்ச பையன்தான்."