ஒட்டுக்குக் கீழே

நூலகத்து முற்றத்து ரோஜாப் பாத்திகளை ரோஜா சங்கத்தார்தான் பார்த்துக்கொண்டார்கள். சம்பளம் கிடையாது, முள் குத்தினால் மருந்தும் சொந்தச் செலவு. தலைவர் ஒரு தையல்காரர். அவர் கத்தரியோடு வந்தால் செடிகளே மூச்சைப் பிடித்துக்கொள்ளும் என்று சங்கத்து நர்ஸம்மா கிண்டல் செய்வார்.

அவளுடைய கணவரும் அந்தச் சங்கத்தில் இருந்தவர்தான். அவர் உயிரோடு இருந்தவரை அவள் அந்தப் பக்கம் தலைவைத்துப் படுத்ததில்லை. தனக்கும் ரோஜாவுக்கும் ஒட்டுமில்லை உறவுமில்லை என்று சொல்லிவிட்டு, அச்சகத்தில் பிழை திருத்தப் போய்விடுவாள். அவர் போன பிறகுதான் அவருடைய கையுறையை மாட்டிக்கொண்டு இங்கே வந்தாள்.

வீட்டில் எல்லோரும் அவளைப் பொத்திப் பொத்தி வைத்தார்கள். அவள் அறைக்குள் வந்தால் மகன் சிரிப்பைப் பாதியில் நிறுத்திக்கொள்வான். எதைச் சொன்னாலும் மருமகள், "சரிங்கத்தை" என்பாள். சங்கத்தில் அப்படியில்லை. கவாத்து செய்யும்போது தளிர்க்கண்ணுக்கு மேலே வெட்டாமல் கண்ணையே வெட்டிவிட்டாள் என்று முதல் நாளே தையல்காரர் வாங்கு வாங்கென்று வாங்கினார். அன்று ராத்திரி அவள் நன்றாகத் தூங்கினாள்.

பாத்தி ஓரத்தில் கணவர் வைத்த செடி கோடையில் கருகிப்போனது. முதல் மழைக்கு அதன் அடியிலிருந்து ஒரு கிளை கிளம்பியது. அவள் குச்சி நட்டுக் கட்டிவிட்டாள். தோள் உயரம் வளர்ந்தது. பூ மட்டும் வரவில்லை. வரட்டும், அவரும் எதற்கும் அவசரப்படாத மனிதர்தானே என்று இருந்தாள்.

போன சனிக்கிழமை சங்கத்தில் புதிதாகச் சேர்ந்த லாரி டிரைவர் விஷயத்தைப் போட்டு உடைத்தார்.

"இந்தக் காட்டுக் கொம்பை ஏன்க்கா விட்டு வச்சிருக்கீங்க?"

அவள் புரியாமல் பார்த்தாள். அவர் குனிந்து மண்ணை விலக்கிக் காட்டினார். காட்டுச் செடியின் மேல் நல்ல ரோஜாவை ஒட்டுப் போட்ட இடம் முடிச்சாகத் தெரிந்தது. அதற்கு மேலே, ரோஜாவாக இருந்ததெல்லாம் கட்டையாகிக் கிடந்தது. கிளை வந்திருந்தது ஒட்டுக்குக் கீழே, காட்டுச் செடியின் வேரிலிருந்து. எழுத்துப் பிழைக்கெல்லாம் கண்ணில் விளக்கெண்ணெய் ஊற்றிக்கொண்டு பார்க்கிறவளுக்கு இது தெரியாமல் போயிருந்தது.

சுற்றிலும் கத்தரிச் சத்தம் நின்றுவிட்டது. நர்ஸம்மா வாளியைப் பார்த்துக்கொண்டிருந்தார். அடுத்தவர் செடியில் இப்படி ஒன்று தலைகாட்டினால் கேட்காமலே பிடுங்கி எறிகிற தையல்காரர், செருப்பு நுனியால் மண்ணைக் கிளறினார்.

"உங்களுக்குத் தெரியுமாண்ணே?"

"தெரியும்மா. நீ தண்ணி ஊத்துறதைப் பாத்தா சொல்ல வாய் வரலை."

"வேற யார் செடியாவது இருந்தா?"

"அன்னைக்கே பிடுங்கியிருப்பேன்."

"அப்ப இங்கேயும் நான் செத்த வீட்டுக்காரிதானா?"

செடி போனதைவிட இவர்கள் காட்டிய பரிவுதான் அவளுக்குப் பொறுக்கவில்லை. வீட்டு வாசலில் விட்டுவிட்டு வந்தது இங்கேயும் பின்னாலேயே வந்து நின்றதைப்போல இருந்தது. மண்வெட்டியை எடுத்தாள். குச்சியைப் பிடுங்கிப் போட்டுவிட்டு அடியில் வெட்டத் தொடங்கினாள். கிளையைச் சேர்த்துப் பிடித்து இழுத்தாள். அது அசையவில்லை. தையல்காரர் ஓரடி வைத்து, நின்று, அவள் முகத்தைப் பார்த்தார். பிறகு தொண்டையைச் செருமிக்கொண்டார்.

"தேர் வடமா இது, இந்த இழு இழுக்கிறே? வேர் பாதி உள்ளேயே நின்னுடும். அடுத்த மாசம் நாலு கொம்பு வரும். அந்தப் பக்கம் தோண்டு."

அவள் அந்தப் பக்கம் தோண்டினாள். பாதி வேலையில் அது ஆழம் போதாது என்று அதற்கும் ஒரு பாட்டு விழுந்தது. லாரி டிரைவர் அடியில் கடப்பாரை கொடுத்து நெம்ப, செடி கட்டையும் கொம்புமாக மேலே வந்தது. அவள் வேர் மண்ணைத் தட்டிவிட்டு, ஒட்டு முடிச்சை ஒரு தடவை விரலால் தொட்டுப் பார்த்துக் குப்பைக் குவியலில் வைத்தாள்.

குழியில் இன்றைக்கே ஒரு கன்று வைக்கலாமே என்றார் நர்ஸம்மா, இன்னும் துக்க வீட்டுக் குரலில்.

"ரோஜா நின்ன மண்ணுல ரோஜா பிடிக்காது. மண்ணை மாத்தணும்," என்றாள் அவள்.

"மாத்தணும்ல? அப்புறம் என்ன மசமசன்னு நிக்கிறே," என்றார் தையல்காரர். "போய்க் கைவண்டியை எடுத்துட்டு வா."