இருநூற்றெட்டுக்குள்

சலவைக்கூடத்தின் நீராவிக் குழாயை அன்று பகல் பன்னிரண்டு மணிக்குத் திறப்பதாக இருந்தது. காலை எட்டரைக்கு வரைபடக்காரி உள்ளே வந்து அண்ணாந்து பார்த்தாள். குழாயின் நடுவில் போட்டிருந்த ‘ப’ வடிவ வளைவு குட்டையாகத் தெரிந்தது. ஏணியில் ஏறி டேப்பை நீட்டினாள். வளைவின் இரண்டு கால்களும் இரண்டரை மீட்டர் இருக்க வேண்டும். ஒன்றரைதான் இருந்தன.

வெல்டர் அவளுடைய கொழுந்தன்தான்.

“என்ன தம்பி, காலுக்கு ஒரு மீட்டரை முழுங்கிட்டீங்க?”

“ஏசி டக்ட் குறுக்க வந்துடுச்சு அண்ணி. சூப்பர்வைசர்தான் சுருக்கச் சொன்னார். ஆனா ஜாயின்ட்டைப் பாருங்க, கண்ணுல ஒத்திக்கலாம்.”

ஒத்திக்கொள்ளலாம்தான். ஆனால் நீராவி பாய்ந்ததும் அந்த இருபது மீட்டர் குழாய் முப்பத்தாறு மில்லிமீட்டர் நீளும். இரண்டு முனைகளும் அசையாமல் பூட்டப்பட்டிருந்தன. நெளிந்து கொடுக்க அந்த வளைவை விட்டால் வேறு கதியில்லை.

கிடந்த அட்டைப்பெட்டியைக் கிழித்துக் கணக்குப் போட்டாள். குழாயின் வெளிவிட்டம் நூற்றுப் பதினான்கு மில்லிமீட்டர். அதை முப்பத்தாறால் பெருக்கினாள். வளைவால் கூடிய நீளம் மூன்று மீட்டர். அதன் வர்க்கம் ஒன்பது. வகுத்தால் நானூற்று ஐம்பத்தாறு வந்தது. விதிப்படி அது இருநூற்றெட்டைத் தாண்டக் கூடாது.

மணிக்கூண்டு என்று எல்லோரும் அழைக்கும் சூப்பர்வைசர் வந்து எட்டிப் பார்த்தார்.

“மணி எட்டு அம்பது. இப்பப் போய் அட்டையில கணக்கா? எஞ்சினியர் நாளைக்கு வந்து கம்ப்யூட்டர்ல பார்ப்பார். நீங்க கோடு போடறதோட நிறுத்திக்குங்க.”

“இது அவசரக் கணக்குதான் சார். கொஞ்சம் தவறியிருந்தா நானும் அவருக்கே விட்டிருப்பேன். இது ரெண்டு மடங்குக்கு மேல போயிருக்கு. பரவாயில்ல, திறக்கலாம்னு நீங்க ஒரு கையெழுத்துப் போட்டுக் குடுங்க, நான் போயிடறேன்.”

அவர் கையெழுத்துப் போடவில்லை. முதலாளிக்குப் போன் போட வெளியே போனார்.

கவிழ்த்த வாளியில் உட்கார்ந்து அவள் மேலேயே பார்த்துக்கொண்டிருந்தாள். பக்கவாட்டில் டக்ட் வழிமறித்தது. ஆனால் குழாய்க்கு மேலே கூரை வரை மூன்றரை மீட்டர் காலியாகக் கிடந்தது. சட்டென்று எழுந்தாள். கால்கள் இரண்டும் சேர்ந்தால் ஐந்து மீட்டர், வர்க்கம் இருபத்தைந்து. வகுத்தால் நூற்று அறுபத்து நான்கு. எழுதிய அவசரத்தில் கடைசி எண் கோணலாக விழுந்தது.

“தம்பி, வளைவைச் செங்குத்தா நிறுத்திக் காலை ஒரு மீட்டர் நீட்ட முடியுமா?”

அவன் யோசித்தான். “நிறுத்தினா ஆறின தண்ணி அடியில தேங்குமே அண்ணி.”

அது அவளுக்குத் தோன்றவே இல்லை. முகம் வாடியது.

“அதுக்கேன் இப்படிப் பார்க்கறீங்க? ஏறுற காலுக்கு அடியில ஒரு வடிகால் வெச்சாப் போச்சு.” அதற்குள் அவனுக்கும் சூடு பிடித்துவிட்டது. “மொத்தம் ஆறு ஜாயின்ட். சாயங்காலத்துக்குள்ள முடிச்சு, தண்ணி அழுத்தமும் குடுத்துப் பார்த்துடலாம்.”

முதலாளி ஒரு நாள் அவகாசம் கொடுத்தார். தன் கையால் போட்ட அழகான ஜாயின்ட்டுகளை அவனே அறுத்தான்.

மறுநாள் பத்து மணிக்கு எஞ்சினியர் மடிக்கணினியைத் திறந்து, வரைபடத்தைப் பார்த்துப் பார்த்து அளவுகளைத் தட்டினார். எல்லாம் வரம்புக்குள் இருந்தது. பழைய வளைவையும் போட்டுப் பார்த்துவிட்டு உதட்டைப் பிதுக்கினார். “தாங்கியிருக்காதும்மா.”

வால்வைக் கொஞ்சம் கொஞ்சமாகத் திறந்தார்கள். வளைவுக்குப் பக்கத்தில், குழாய் வழுக்கி நகரும் தாங்கியில் அவள் சாக்பீஸால் கோடு கிழித்திருந்தாள். இருபுறமும் பதினெட்டு மில்லிமீட்டர் நகர வேண்டும். ஏணி மேலிருந்து கொழுந்தன் படித்தான்.

“அஞ்சு. நகருது அண்ணி, கண்ணுக்கே தெரியுது. ஒம்போது. பதினாலு.”

அவள் அண்ணாந்து நின்றாள். மணிக்கூண்டும் ஏணியைப் பிடித்தபடி அண்ணாந்திருந்தார்.

“பதினேழு. பதினேழரை. பதினெட்டு.” அவன் குனிந்து கோட்டை மறுபடி பார்த்தான். “நின்னுடுச்சு.”

நீராவியில் சூடான இஸ்திரி உருளையிலிருந்து முதல் படுக்கை விரிப்பு மொறமொறவென்று வெளியே வந்தது. அவள் ஓடிப்போய் அதை இரண்டு கைகளிலும் ஏந்திக்கொண்டாள். சுட்டது. விடவில்லை.