டிக்கித் திரை

சங்கரன்கோவிலில் கார் வைத்திருப்பவர்கள் நிறையப் பேர் உண்டு. ஆனால் புதுக் காரைப் பார்க்க வந்தவரை நேரே பின்பக்கம் கூட்டிப்போகிற ஆள் கணேசன் ஒருவர்தான். டிக்கியைத் திறப்பார். பின்சீட்டுக்குப் பின்னால் குறுக்கே ஒரு உருளை இருக்கும். அதிலிருந்து கறுப்புத் திரையை இழுத்து இரண்டு பக்கமும் கொக்கியில் மாட்டுவார். உள்ளே கிடக்கிற சாமான் அத்தனையும் மறைந்துபோகும். "இப்ப விடுதேன், பாருங்க" என்று கொக்கியைக் கழற்றுவார். திரை சர்ரென்று சுருண்டு உருளைக்குள் போய்விடும். வந்தவர் வாய்விட்டுப் பாராட்டுகிற வரைக்கும் இழுப்பதும் விடுவதுமாக இருப்பார்.

அவர் வாங்கிய மாடலில் அந்தத் திரை கிடையாது. திருநெல்வேலிக்குப் போய்த் தனியாக வாங்கி மாட்டிக்கொண்டு வந்தார். அதன்மேல் எதையும் வைக்கக் கூடாது என்பது வீட்டில் சட்டம். ஒருமுறை மனைவி சண்முகசுந்தரி கத்தரிக்காய்ப் பையை வைத்துவிட்டாள் என்று இரண்டு நாள் முகம் கொடுத்துப் பேசவில்லை. "இந்த முப்பது வருசத்துல என்னைய ஒரு நாளாவது இப்படிப் பாத்திருப்பியளா?" என்று அவள் கேட்டாள். மனிதர் திரையைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

ஐப்பசி மாதத்து ஞாயிற்றுக்கிழமை ஒன்றில் மகள் அபிதாவுக்குத் திருவேங்கடத்தில் அரசு வேலைக்கான தேர்வு. ஒன்பது மணிக்குப் பள்ளிக்கூடக் கேட்டை அடைத்துவிடுவார்கள். அப்புறம் யார் வந்து அழுதாலும் திறக்க மாட்டார்கள். அவளுக்கு இது மூன்றாவது முறை. போன தடவை ஒன்றரை மதிப்பெண்ணில் வேலை கைநழுவிப் போனது. இந்த ஒரு வருடமாக அவள் ஒரு கல்யாண வீட்டுக்குப் போனதில்லை, நிம்மதியாகத் தூங்கியதும் இல்லை. பஸ்ஸை நம்ப வேண்டாம் என்று கணேசனே காரை எடுத்தார்.

பாதி வழியில் ராத்திரி மழைக்குப் புளியமரம் ஒன்று ரோட்டின் குறுக்கே விழுந்து கிடந்தது. இரண்டு பக்கமும் பஸ்கள் நின்றன. மணி எட்டு. வலது கைப்பக்கம் காட்டுக்குள் ஒரு வண்டிப்பாதை போயிற்று.

"அப்பா, மழை பெஞ்ச மண்ணு, வேண்டாம்பா" என்றாள் அபிதா.

"ஏட்டி, நான் சிவகிரி வயக்காட்டுல பொறந்தவன். நான் பாக்காத சேறா?"

அங்கேதான் தப்பு செய்தார். வயல் சேறு வேறு, கரிசல் வேறு. வயல் சேறு காலை உள்ளே இழுக்குமே தவிர, கழுவினால் போய்விடும். கரிசல் ஈரமானால் பிசைந்த மாவாகச் சக்கரத்தில் ஒட்டிக்கொள்ளும். சக்கரம் சுற்றச் சுற்ற அப்பிக்கொண்டே வந்து, மட்கார்டுக்குள் அடைத்து, வண்டியைக் கட்டிப்போட்டுவிடும். அரை மைல் போவதற்குள் கார் நின்றது. ஆக்சிலேட்டரை மிதித்தால் சத்தம்தான் வந்தது. மணி எட்டு இருபது. அபிதா மடியில் கிடந்த ஹால் டிக்கெட்டின் மூலையை மடிப்பதும் நிமிர்த்துவதுமாக இருந்தாள். அவள் திட்டியிருந்தால்கூடக் கணேசனுக்குத் தேவலாம்போல இருந்திருக்கும்.

தரிசில் ஆடு மேய்த்துக்கொண்டிருந்த ஒருவர் தூறலுக்குக் கம்பளியைக் கொங்காணியாக மடித்துத் தலையும் முதுகும் மூடப் போட்டுக்கொண்டு வந்தார். குருவிகுளம் பக்கத்து ஆள், பெயர் பேச்சிராஜா. நாற்பது வயதிருக்கும்.

"அண்ணாச்சிக்கு வயக்காட்டுப் பக்கமோ? கரிசல்ல மழை பெஞ்சா நாங்க சைக்கிளையே தோள்ல தூக்கிட்டுல்லா போவோம்!" என்று சிரித்தவர், தேர்வு என்று கேட்டதும் சிரிப்பை நிறுத்தினார். இடுப்பு அரிவாளை உருவி, அதன் பின்புறத்தால் சக்கரத்து மண்ணை வழித்து எறிய ஆரம்பித்தார். கணேசன் கையாலேயே பறித்துப் போட்டார்.

"அந்தா சரளை ரோடு தெரியுது. பத்தடிதான். அதுவரைக்கும் சக்கரத்துக்கு அடியில எதாவது விரிக்கணும்."

காருக்குள் கிடந்த மிதியடிகளைப் போட்டார்கள். சக்கரம் அவற்றை வாரிப் பின்னால் எறிந்தது. பேச்சிராஜா ஒரு நிமிஷமும் யோசிக்கவில்லை. தலையில் கிடந்த கம்பளியை உருவி இடதுபக்கச் சக்கரத்துக்கு முன்னால் நீளமாக விரித்தார். தூறல் அவர் வெறுந்தலையில் விழுந்தது.

"வலது சக்கரத்துக்கு என்ன அண்ணாச்சி இருக்கு?"

"ஒண்ணுமில்லையேப்பா" என்றார் கணேசன்.

அபிதா அவரைப் பார்க்கவில்லை, டிக்கியைப் பார்த்தாள். சேற்றில் கிடந்த கம்பளியையும், நனைகிற அந்த மனிதரையும் பார்த்தார் கணேசன். சீ, என்ன பிறவி நான் என்று தன்னையே வைதுகொண்டு, ஓடிப்போய் டிக்கியைத் திறந்து உருளையைக் கழற்றிக்கொண்டு வந்தார்.

பேச்சிராஜா திரையை இழுத்து மண்ணில் விரித்தார். கையை எடுத்ததும் அது சர்ரென்று உள்ளே போய்விட்டது. மறுபடி இழுத்தார். மறுபடி போயிற்று.

"என்ன அண்ணாச்சி, ஆமைத் தலை மாதிரி உள்ள போயிருது!"

"அரிவாளக் கொடு" என்று கணேசன் கையை நீட்டினார். திரையை முழுக்க இழுத்து, உருளையை ஒட்டி ஒரே இழுப்பில் அறுத்தார்.

பேச்சிராஜா பின்னால் நின்று தள்ளினார். கம்பளியும் திரையும் மண்ணைக் கவ்விப் பிடித்தன. கார் உறுமிக்கொண்டு சரளையில் ஏறியது. "நிக்காதீங்க அண்ணாச்சி, போங்க! பாப்பா, நல்லா எழுது!" என்ற குரல் மட்டும் பின்னால் கேட்டது. எட்டு ஐம்பத்தாறுக்கு அபிதா கேட்டுக்குள் நுழைந்தாள். கணேசன் சேறு பூசிய கையோடு பள்ளிக்கூடச் சுவரைப் பிடித்துக்கொண்டு அழுதார்.

அதற்குப் பிறகு நாலு நாள் விடாத மழை. வெயில் முகம் காட்டிய அடுத்த ஞாயிற்றுக்கிழமை, கணேசன் புதுக் கம்பளி ஒன்றை வாங்கிக்கொண்டு மகளோடு கிளம்பினார். தேர்வு முடிவு வர மாதக்கணக்காகும். அதற்கும் இந்தக் கம்பளிக்கும் சம்பந்தமில்லை என்று அவருக்குத் தெரிந்திருந்தது. இந்தத் தடவை காரை ரோட்டிலேயே நிறுத்திவிட்டுச் செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு நடந்தார்கள்.

ஆட்டுக் கிடையில் இவர்களைக் கண்டதும் பேச்சிராஜாவின் முகம் சுண்டிப்போனது. அவசர அவசரமாக ஆட்டுக்குட்டிகளை அடைத்திருந்த கூண்டின் பக்கம் ஓடினார். கூண்டின்மேல் நாலு மூலையும் கயிற்றால் கட்டிக் கிடந்தது அந்தக் கறுப்புத் திரை.

"மன்னிச்சிக்கிடுங்க அண்ணாச்சி. உங்க பொருளக் கேக்காமப் புழங்கிட்டேன். கழுவிக் கொண்டாந்து குடுக்கணும்னுதான் எடுத்து வச்சேன். குட்டிகளுக்குப் போத்துத கம்பளிய அன்னைக்குச் சக்கரம் ரெண்டாக் கிழிச்சிட்டு. மழை வேற விடல. இத மேல போட்டேன். ஆறு குட்டி, ஒண்ணுகூடச் சாகல. இந்தா, இப்பவே அவுத்துத் தாரேன்" என்று முடிச்சில் கை வைத்தார்.

கணேசன் அந்தக் கையைப் பிடித்துக்கொண்டார்.

"நீ எதுக்குய்யா மன்னிப்புக் கேக்க? உன்னால எம்புள்ள பரீட்சை எழுதிட்டா. நான் அன்னைக்கு ஒண்ணுமில்லன்னு பொய் சொன்னவன்."

"தெரியும் அண்ணாச்சி. பாப்பா டிக்கியப் பாத்துச்சுல்லா" என்றார் பேச்சிராஜா. "ஆனா அறுத்தது நீங்கதான?"

அபிதா புதுக் கம்பளியைப் பிரித்து அவர் தோளில் போட்டாள். அப்போது வெளியே திரிந்த குட்டி ஒன்று துள்ளி வந்து திரையின்மேல் ஏறி, நாலு காலாலும் அழுத்தி நின்று, புழுக்கையும் போட்டது. பேச்சிராஜா பதறிப்போய் விரட்ட ஓடினார்.

"ஏ, அது நிக்கட்டும்யா" என்றார் கணேசன்.