சுங்குடித் தலை

திருநகரில் என் பக்கத்து வீட்டுப் பாலமுரளியின் தலைமுடியைப் போல நேரான பொருள் மதுரை ஜில்லாவிலேயே வேறு கிடையாது. ரயில் தண்டவாளம்கூடத் திருமங்கலத்துக்குப் பக்கத்தில் லேசாக வளையும். இது வளையாது. எண்ணெய் வைத்தால் எண்ணெய்தான் வழிந்து காலருக்குப் போகும், முடி படியாது. சலூன்கார மருது, அவன் தெருமுனையில் திரும்பும்போதே நல்ல சீப்பை எடுத்து ஒளித்துவைத்துவிடுவார்.

மற்றபடி தங்கமான பையன். நாகமலை புதுக்கோட்டையில் பல்கலைக்கழகத்தில் கிளார்க். அப்பா ஜனகராஜுக்குச் சுங்குடிச் சேலை வியாபாரம். அம்மா சாரதாம்பாள் அந்தச் சேலைக்கு முடிச்சுப் போடுவதில் கெட்டிக்காரி. சௌராஷ்டிரக் குடும்பம். வீட்டுக்குள் அவர்கள் பாஷைதான் ஓடும். பல வருஷமாகப் பொதுச்சுவர் வழியாகக் கேட்டுக் கேட்டு எனக்கும் அது பழகிவிட்டது. அதனால் எல்லாவற்றையும் தமிழிலேயே சொல்லிவிடுகிறேன்.

தொண்ணூற்றெட்டாம் வருஷம் தரகர் பீமாராவ் ஒரு ஜாதகத்தோடு வந்தார். பெண் வித்யாஸ்ரீ, அதே பல்கலைக்கழகத்தில் எம்.எஸ்ஸி. முதல் வருஷம். போட்டோவைப் பார்த்த நிமிஷத்திலிருந்து பாலமுரளிக்கு இட்லி இறங்கவில்லை. ஜாதகமும் பொருந்திவிட்டது. ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் அவர்கள் மாப்பிள்ளை பார்க்க வருவதாக ஏற்பாடு. எல்லாம் முடிந்து காபியைக் குடித்துவிட்டு, வாசலில் செருப்பு மாட்டிக்கொண்டே பீமாராவ் சொன்னார்.

“ஒரு சின்ன விஷயம். பொண்ணுக்குச் சுருட்டை முடின்னா உசுரு. வேற முடின்னா ஜாதகத்தைத் தொடவே மாட்டேங்குது. அதனால மாப்பிள்ளைக்குச் சுருட்டைன்னு சொல்லிவச்சிருக்கேன்.”

ஜனகராஜ் மகனின் தலையைப் பார்த்தார். அது விறைப்பாக நின்றது.

“யோவ், இதைப் பார்த்துட்டுமாய்யா சொன்ன?”

“பார்த்தா எப்படிண்ணே சொல்ல வரும்? பார்க்காமத்தான் சொன்னேன்” என்று பீமாராவ் போய்விட்டார்.

அந்த வாரம் அந்த வீட்டில் நடந்த வைத்தியங்களைச் சொன்னால் நீங்கள் நம்ப மாட்டீர்கள், ஆகவே பாதியைக் குறைத்தே சொல்கிறேன். முட்டை, தயிர், வெந்தயம், கற்றாழை என்று ஒரு ஓட்டலே நடத்துமளவுக்குச் சாமான் அவன் தலையில் ஏறியது. தெருவில் நடந்தால் பூனைகள் வரிசையாகப் பின்னால் வந்தன. முடி மட்டும் அசையவில்லை. காளவாசலில் ஒரு பார்லர்க்காரர் இழுத்துப் பார்த்துவிட்டு, “இது முடி இல்லைங்க, கம்பி” என்று கைவிட்டுவிட்டார்.

சனிக்கிழமை சாரதாம்பாளுக்கு அந்த யோசனை வந்தது.

சுங்குடி கட்டுவதைப் பார்க்காதவர்களுக்குச் சொல்ல வேண்டும். துணியைப் புள்ளி புள்ளியாகக் கிள்ளியெடுத்து ஒவ்வொன்றையும் நூலால் இறுகச் சுற்றுவார்கள். அப்படியே சாயத்தில் முக்கிக் காயவைப்பார்கள். காய்ந்த பிறகு இரண்டு பேர் எதிரெதிரே நின்று துணியை வெடுக்கென்று இழுத்தால் முடிச்சுகள் எல்லாம் தெறித்துவிழும். சாயம் ஏறாத இடமெல்லாம் வெள்ளைப் புள்ளியாக நிற்கும். துணியில் மட்டும் சுருக்கம் போகாது.

“எத்தனை தடவை இஸ்திரி போட்டாலும் அந்தச் சுருக்கம் போக மாட்டேங்குதுல்ல” என்றார் சாரதாம்பாள். “துணியே அப்படி நிக்கும்னா முடி நிக்காதா?”

“துணிக்கு வலிக்காதும்மா” என்றான் பாலமுரளி.

“பொண்ணு வேணுமா, வேண்டாமா?”

அவன் போட்டோவை ஒரு தடவை பார்த்துக்கொண்டு முக்காலியில் உட்கார்ந்துவிட்டான்.

ஞாயிற்றுக்கிழமை விடிந்ததும் வேலை தொடங்கியது. நானும் பேப்பர் வாங்கும் சாக்கில் போய் அங்கேயே உட்கார்ந்துகொண்டேன். கெட்டியான அரிசிக்கஞ்சியைத் தலையில் தடவி, நாலைந்து முடியாகப் பிரித்து, விரலில் சுருட்டி, அடியில் நூலைச் சுற்றி இறுக்கினார் சாரதாம்பாள். அந்த அம்மாள் கை ஓடுகிற வேகத்துக்கு ஒரு மோட்டார் வைத்தாலும் எரிந்துபோகும். இட்லி வேகும் நேரத்தில் பிடரி முடிந்தது. பத்து மணிக்கெல்லாம் தலை முழுக்க முடிச்சு. ஒரு பெரிய மிளகு மூட்டையை அவிழ்த்துக் கவிழ்த்த மாதிரி இருந்தான்.

“எப்பம்மா பிரிப்ப?”

“மூணு மணிக்கு. அவுங்க அஞ்சு மணிக்குத்தான் வாராங்க. ஆடாம வெயில்ல உக்காரு.”

மொட்டைமாடியில் போய் உட்கார்ந்தான். கஞ்சி காயக் காய நூல் இறுக, அவனுடைய இரண்டு புருவமும் நெற்றியின் பாதிக்கு ஏறிவிட்டன. எதைப் பார்த்தாலும் ஆச்சரியப்படுகிறவனைப் போல ஒரு முகம்.

பதினோரு மணிக்கு வாசலில் ஆட்டோ நின்றது. தரகர் பீமாராவுக்கு ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் ராகு காலம் என்பது மறந்துபோய்விட்டது. பெண்ணின் அத்தை கனகாவுக்கு மறக்கவில்லை. காலண்டரைக் கிழித்துக் கையிலேயே கொண்டுவந்திருந்தார். கூடவே பெண்ணின் அப்பா வெங்கடேஷ்பாபு.

மாடியிலிருந்து இறங்கிய பாலமுரளியின் தலையில் சாரதாம்பாள் ஒரு பூத்துவாலையைத் தலைப்பாகையாகச் சுற்றிவிட்டார்.

“தலைக்கு என்ன?” என்றார் கனகா.

“காதுவலி” என்றார் சாரதாம்பாள்.

“ரெண்டு காதுமா?”

“இவனுக்கு எப்பவும் ரெண்டும் சேர்ந்துதான் வரும்.”

அதோடு தப்பித்திருக்கலாம். ஆனால் நன்றாக வளர்த்த பிள்ளை. பெரியவர்கள் வந்தால் விழுந்து நமஸ்காரம் செய்ய வேண்டும் என்று சின்ன வயசிலிருந்து சொல்லிச் சொல்லிப் பழக்கியிருக்கிறார்கள். அவன் யோசிக்காமல் கனகாவின் காலில் விழுந்தான். துவாலை கழன்று உருண்டு ஜனகராஜின் காலடியில் நின்றது.

வெங்கடேஷ்பாபு என்னைப் பார்த்தார். நான் மின்விசிறியைப் பார்த்தேன்.

கனகா மட்டும் குனிந்து கண்ணாடியை மூக்கில் சரிசெய்துகொண்டார். அந்த அம்மாள் தெப்பக்குளம் பக்கத்தில் சுங்குடி கட்டுவதில் பெயர் வாங்கினவர். ஒரு முடிச்சை இரண்டு விரலால் உருட்டிப் பார்த்தார்.

“யாரு கட்டுனது?”

“நான்தான்” என்றார் சாரதாம்பாள், குற்றவாளிக் கூண்டில் நிற்கிற குரலில்.

“நெருக்கம் நல்லா இருக்கு. காதோரத்துல வரிசை கோணிப்போச்சு.”

“அங்க அவன் ஆடிட்டான்.”

“இன்னும் பிரிக்கலையா?”

“காயட்டும்னு பார்த்தேன்.”

“அதெல்லாம் காஞ்சிருச்சு. நீங்க அந்தப் பக்கம் வாங்க.”

கட்டிக் காய்ந்த முடிச்சைப் பிரிக்காமல் விட்டுவிட்டுப் போக அந்தக் கைகளால் முடியாது. வந்த காரியம் இரண்டு பேருக்குமே மறந்துவிட்டது. ஆளுக்கொரு காதுப் பக்கம் உட்கார்ந்தார்கள். “அத்தை, இது துணி இல்ல” என்று பாலமுரளி தொடங்கினான். “ம்” என்றார் கனகா. அது அவனுக்குச் சொன்ன பதில் இல்லை, சாரதாம்பாளுக்குக் கொடுத்த தாளம். இருவரும் ஒரே நேரத்தில் வெடுக்கென்று இழுத்தார்கள்.

சோளப்பொரி பொரிகிற மாதிரி படபடவென்று முடிச்சுகள் தெறித்தன. ஒன்று என் காபியில் விழுந்தது. அவன் போட்ட அலறலில் திருப்பரங்குன்றத்து மலைக் குரங்குகள் மறுபக்கம் இறங்கி ஓடியதாகப் பிற்பாடு கேள்விப்பட்டேன்.

முடிச்சுகள் போகும்போது சும்மா போகவில்லை, ஆளுக்குக் கொஞ்சம் முடியையும் வேரோடு கூட்டிக்கொண்டு போய்விட்டன. கறுப்புத் தலையில் வரிசை வரிசையாக வெள்ளைப் புள்ளிகள். காதோரத்தில் கொஞ்சம் கோணல். மிச்சமிருந்த முடி விறைப்பாக நேராகவே நின்றது.

ஜனகராஜ் வெகுநேரம் பார்த்துவிட்டு, “டிசைன் நல்லா விழுந்திருக்கு” என்றார். வியாபாரி, வாயில் வேறென்ன வரும்.

வெங்கடேஷ்பாபுவுக்கு முகம் சுண்டிவிட்டது. “சுருட்டைன்னு பொய் சொன்னது உங்க தப்பு. ஆனா பையன் முடியைப் பிடுங்குனது எங்க வீட்டு ஆளு. இப்ப நான் எந்த வாயால வேண்டாம்பேன்? எதுக்கும் பொண்ணுகிட்டக் கேட்டுச் சொல்றோம்” என்று எழுந்தார். கனகா கையிலிருந்த முடியை எங்கே வைப்பதென்று தெரியாமல் தாம்பூலத் தட்டில் வைத்துவிட்டுப் போனார்.

அன்று மத்தியானமே மருது அவனுக்கு மொட்டை போட்டார். அவ்வளவு சந்தோஷமாக அவர் யாருக்கும் சவரம் செய்து நான் பார்த்ததில்லை. அழகர்கோவில் வேண்டுதல் என்று ஆபீசில் சொல்லிக்கொள்ளலாம் என்பது திட்டம். சொல்வதற்குள் விஷயம் வேறு மாதிரி பரவிவிட்டது. செவ்வாய்க்கிழமை ரோஜா மாலையோடு துக்கம் விசாரிக்க வந்த இரண்டு கிளார்க்குகளுக்குக் கதவைத் திறந்தவர் ஜனகராஜ். மாலையை வீணாக்காமல் வாங்கிக்கொண்டார்.

பாலமுரளிக்கு எதுவும் உறைக்கவில்லை. பெண் வீட்டிலிருந்து பதில் வரவில்லையே என்பதுதான் ஒரே கவலை. வியாழக்கிழமை அவனுடைய கவுண்டருக்கு முன்னால் ஒரு பெண் வந்து நின்றாள். போட்டோவில் பார்த்த அதே முகம். இதை அவன் என்னிடம் பலமுறை சொல்லிவிட்டான், ஒரு தடவையும் வார்த்தை மாறவில்லை.

“நீங்கதான் சுருட்டை முடியா?”

“இல்லைங்க. நேர் முடி. ரொம்ப நேர். வளந்தா நீங்களே பார்க்கலாம்.”

“பிறகு எதுக்கு அம்புட்டு நேரம் தலையைக் குடுத்துட்டு உக்காந்தீங்க?”

“உங்களுக்குச் சுருட்டைதான் பிடிக்கும்னு பீமாராவ் சொன்னாரு.”

“எனக்கு எந்த முடியும் பிடிக்காது” என்றாள் வித்யாஸ்ரீ. “படிப்பு முடியிறவரைக்கும் எவனும் வரக் கூடாதுன்னு ஒரு சாக்குச் சொன்னேன். நம்ம ஆளுகள்ல அத்தைக்குத் தெரிஞ்சு சுருட்டை மாப்பிள்ளை யாருமில்ல, அந்தத் தைரியம்தான். நீங்க இப்படிச் செஞ்சுட்டு வந்து நிப்பீங்கன்னு யாருக்குத் தெரியும்?”

அவன் மொட்டையைத் தடவினான்.

“உங்கம்மா நாளைக்கு வேற ஏதாவது தலையில கட்டணும்னு கூப்பிட்டா உக்காருவீங்களா?”

“நீங்க வேண்டாம்னா உக்கார மாட்டேன்.”

“நான் கட்டணும்னு சொன்னா?”

“உக்காருவேன்” என்றான் பாலமுரளி. இதைச் சொல்ல அவன் கொஞ்சம்கூட யோசிக்கவில்லை. அதுதான் அவனுடைய கோளாறு.

அவள் லைப்ரரிப் பக்கம் போய்விட்டாள். அன்று சாயங்காலம் என் வீட்டுக்கும் கேட்கிற மாதிரி ஜனகராஜ் போனில் கத்திக்கொண்டிருந்தார். போனை வைத்துவிட்டுச் சுவரோரம் வந்து என்னைக் கூப்பிட்டார்.

“விருமாண்டியண்ணே, சரின்னுட்டாங்க. பரீட்சை முடிஞ்சு அடுத்த வருஷம் கல்யாணம். நம்ம சாரதா கை வைத்தியம்தான் பலிச்சிருச்சுன்னு ஆடிக்கிட்டு இருக்கா.”

“நல்லது. பொண்ணு ஒண்ணும் சொல்லலையா?”

“சொல்லிருச்சு. கல்யாணம்வரைக்கும் அவன் தலையில யாரும் கை வைக்கக் கூடாதாம்.”

“அதுக்குப் பிறகு?”

ஜனகராஜ் உள்ளே ஒரு தடவை எட்டிப் பார்த்துக்கொண்டு குரலைத் தாழ்த்தினார்.

“அதுக்குப் பிறகு அந்தப் பொண்ணே வச்சுக்கிருமாம்ணே.”