தேயிலை வேரில் ஒரு சுங்கான்

அம்பிட்டியாவில் தியாகராஜா வீட்டுக் கார் வெயிலிலும் மழையிலும் வெளியே நின்றது. கராஜுக்குள்ளே கடைசல் இயந்திரம் ராசா மாதிரிக் கூரைக்குக் கீழே இருந்தது. ஓடுகிற சாமான் வெளியே, நின்ற இடத்தில் சுற்றுகிற சாமான் உள்ளே. குசினி யன்னலால் எட்டிப் பார்க்கும்போதெல்லாம் இந்த அநியாயம் பத்மாதேவியின் கண்ணில் பட்டது. படும்போதெல்லாம் கணவனுக்குக் கேட்கத்தக்கதாக ஒரு பெருமூச்சு விட்டாள். இயந்திர இரைச்சலில் அது அவருக்குக் கேட்பதில்லை.

நியாயமாகச் சொல்லப்போனால், இயந்திரம் வருவதற்கு முந்திய காலம் இதைவிட மோசம். பொறியியலாளர் வேலையிலிருந்து ஓய்வு பெற்ற தியாகராஜா, அணைக்கட்டைப் பார்த்த கண்ணால் குசினியைப் பார்க்கத் தொடங்கினார். சோற்றுக்கு விடுகிற தண்ணீர் அதிகம் என்றார். தேங்காய்ப்பூ பிழிகிற முறை பிழை என்றார். சரக்குப் போத்தல்களை உயர வரிசையில் அடுக்கிவைத்தார். அன்றைக்கு அவள் சீரகம் என்று நினைத்துப் பெருஞ்சீரகத்தைப் போட்டு ரசம் வைத்தாள். திகனயில் ஹாட்வெயார் கடை வைத்திருக்கும் பஹீமிடம் பழைய கடைசல் இயந்திரம் ஒன்று கிடக்கிறது என்று தெரிந்தபோது, வாங்குங்கோ, உடனே வாங்குங்கோ என்று ஏவிவிட்டதே பத்மாதேவிதான். வேலியில் போன ஓணானை எடுத்து மடியில் விட்ட கதை.

மனிதர் மேசைக்கால் கடையலாம், பூரிக்கட்டை கடையலாம். தியாகராஜா சுங்கான் கடைந்தார். புகையிலையை அடைத்துப் பற்றவைத்து இழுக்கிற அந்த மரக்குழாயை எவரோ ஒருவர் கடைவதைத் தொலைபேசி வீடியோவில் பார்த்தாராம், அன்றிலிருந்து பித்து. இதில் வேடிக்கை என்னவென்றால், அவர் வாழ்நாளில் புகைத்ததில்லை. ஊதுபத்தி மணத்துக்கே தும்முகிற மூக்கு அது.

மரத்துக்கும் வழி கண்டுபிடித்தார். ஹேவாஹெட்டப் பக்கத்துத் தோட்டங்களில் கிழட்டுத் தேயிலைச் செடிகளைப் பிடுங்கும்போது, அங்கே வீடு உள்ள மோகனராஜ் அடிவேர்க் கட்டைகளைத் தன் ஓட்டோவில் ஏற்றிக் கொண்டுவந்து தருவான். "சார், மத்தவங்க இத அடுப்புலதான் வைப்பாங்க" என்று ஒருமுறை சொன்னான். "இவரும் கடைசியில நெருப்புத்தான் வைக்கப்போறார் தம்பி, சுத்தி வளைச்சு வைக்கிறார்" என்றாள் பத்மாதேவி. கட்டைகளை அவித்துக் கறை போக்கி, மாதக்கணக்கில் நிழலில் காயவைத்து, பிறகுதான் கடைவார். புகையிலை அடைக்கிற கிண்ணத்தின் குழியை ஒரு பக்கத்தால் குடைய வேண்டும்; தண்டின் துளையை மறுபக்கத்தால் போட வேண்டும்; இரண்டும் குழியின் அடியில் சரியாக வந்து சந்திக்க வேண்டும். மயிரிழை தவறினாலும் கட்டை குப்பைக்கு. குப்பைக்குப் போனவற்றில் ஒன்றில் பத்மாதேவி உப்பு வைத்தாள், வேண்டுமென்றே.

தப்பிப் பிழைத்தவை உண்மையிலேயே அழகாக இருந்தன. சிவந்த மரம், வரி வரியாக வேரோட்டம், கண்ணாடி மாதிரி மினுக்கம். நண்பர்களுக்குக் கொடுத்தார். எல்லோரும் புகழ்ந்தார்கள், ஒருவரும் புகைக்கவில்லை. பழைய அலுவலக நண்பர் இராஜரத்தினம் தன்னுடையதைச் சுவாமிப்படத்துக்கு முன்னால் வைத்து ஊதுபத்தி குத்தியிருந்தார். அதைப் பார்த்துவிட்டு வந்த இரவு தியாகராஜா சரியாகச் சாப்பிடவில்லை. "நான் செய்யிறது சுங்கானோ, பொம்மையோ, அதையாவது ஒருத்தர் சொல்லலாமே" என்றார். பத்மாதேவிக்குச் சிரிப்பு வந்தது, கூடவே கொஞ்சம் பாவமாகவும் இருந்தது.

கண்டி வட்டாரத்தில் அவர்களுக்குத் தெரிந்த ஒரே மெய்யான சுங்கான்காரர் அதே பஹீம்தான். அவருடைய சுங்கானின் கிண்ணம் வெடித்துவிட்டது, புதிதாக ஒன்று செய்து தர முடியுமா என்று கேட்டார். தியாகராஜாவுக்குத் தலைகால் புரியவில்லை. பத்மாதேவி அந்தச் சந்தர்ப்பத்தை விடுவாளா? பந்தயம் கட்டினாள். பஹீம் ஒரு முறை அடைத்த புகையிலையை முடியும்வரை குடித்து நல்லது என்றால், கார் துருப்பிடித்தாலும் இனி வாய் திறக்கமாட்டாள். இல்லையென்றால் இயந்திரம் வெளியே, கார் உள்ளே. "சரி" என்றார் தியாகராஜா. யோசிக்காமல் சொன்னார்.

இரண்டு சுங்கான் கடைந்தார், ஒன்று பிழையாகப் போனாலும் மற்றது கைகொடுக்கும் என்று. நல்லதற்குள் நல்லதைத் தெரிந்தெடுத்து, குழியின் உட்புறத்துக்குப் பூச்சுப் பூசினார். புது மரம் கருகாமலிருக்கச் தேங்காய்ச் சிரட்டைக்கரித் தூளைத் தயிரில் குழைத்துப் பூச வேண்டுமாம். அதுவும் தொலைபேசி கற்பித்ததுதான். பத்மாதேவி அப்போது கனடாவிலிருக்கும் மகள் கஜாலினியோடு கதைத்துக்கொண்டிருந்தாள். "தயிர் கிடக்கோ?" என்று குசினிக்குள்ளிருந்து அவருடைய குரல் வந்தது. "ஃபிரிட்ஜில கிடக்கு" என்று சொல்லிவிட்டுக் கதையைத் தொடர்ந்தாள்.

அந்தக் கிழமை மழை விட்டிருந்தது. வெயிலைக் கண்ட கையோடு பத்மாதேவி மோர்மிளகாய் போட்டிருந்தாள். பச்சைமிளகாயைக் கீறி, உப்புத் தயிரில் இரவெல்லாம் ஊறவிட்டு, பகலில் எடுத்துக் காயவைத்து, பின்னேரம் திரும்ப அதே தயிரில் போட வேண்டும். தயிர் வற்றும்வரை இதே கூத்துத்தான். வெளியே நிற்கிற காரால் ஒரேயொரு பிரயோசனம் இருந்தது. அதன் பொனட்டில் பாயை விரித்தால் மிளகாய் முறுகக் காயும்.

ஞாயிற்றுக்கிழமை பஹீம் வந்தார். வாசல் போட்டிக்கோவில் கதிரை போட்டார்கள். சுங்கானைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார், தண்டில் வாய் வைத்து இழுத்தார், காற்று நல்லாகப் போகிறது என்றார். தியாகராஜா பெண் பார்க்க வந்தவர்களுக்கு முன்னால் நிற்கிற தகப்பன் மாதிரி நின்றார். பஹீம் புகையிலையை அடைத்து, நெருப்புக்குச்சியைக் கிழித்து, பற்றவைத்து, ஆற அமர முதல் இழுவை இழுத்தார். தலையாட்டினார். இரண்டாவது இழுவையும் போயிற்று. நெருப்புக் கிண்ணத்தின் சுவரைத் தொட்டதும் அவருடைய முகம் கோணிப்போனது. பிறகு இருமல் பிடித்தது. கண்ணால் தாரை தாரையாகத் தண்ணீர் ஓடியது.

பஹீம் மரியாதை தெரிந்த மனிதர். மூச்சு வந்ததும், "நல்லாத்தான் இரிக்கி சேர்" என்றார். "மரம் கொஞ்சம் காரம் போல."

தியாகராஜா மன்னிப்புக் கேட்டார், தண்ணீர் கொண்டுவரச் சொன்னார், மெல்ல நடந்து கராஜுக்குப் போனார்.

தண்ணீரோடு வந்த பத்மாதேவி சுங்கானை எடுத்து மூக்கருகில் பிடித்தாள். பருத்தித்துறையில் பிறந்து மிளகாயோடு வளர்ந்தவளுக்கு அந்த நெடியை இன்னொருவர் சொல்லித்தர வேண்டியதில்லை. குசினிக்குப் போய் ஃபிரிட்ஜைத் திறந்தாள். கடையில் வாங்கிய தயிர் மேல்தட்டில் மூடி திறக்காமல் இருந்தது. கீழ்த்தட்டில் மோர்மிளகாய்ச் சட்டி. மிளகாய் காரின் மேல் காய்ந்துகொண்டிருந்தபடியால் சட்டியில் தயிர் மட்டும், பார்க்க வெகு சாதுவாக. விளிம்பில் கரி படிந்த பெருவிரல் அடையாளம் ஒன்று. மரத்தூள் அடைத்த மூக்குக்காரர் முகர்ந்து பார்த்திருக்கவா போகிறார்.

சட்டியைக் கையில் வைத்துக்கொண்டு நின்றாள். அவள் வென்றாயிற்று. இந்தச் சட்டியைக் கழுவிக் கவிழ்த்தால் கதை முடிந்தது, கராஜ் அவளுடையது. மிளகாய் மணத்தைக் கண்டுபிடிக்கிற ஆள் அந்த வீட்டில் வேறு இல்லை.

யன்னலால் பார்த்தாள். தியாகராஜா இயந்திரத்தைத் துணியால் துடைத்துக்கொண்டிருந்தார். வயரைச் சுருட்டிக் கட்டினார். உளிகளை ஒவ்வொன்றாகப் பெட்டிக்குள் வைத்தார். ரசம் கெட்டாலும், அரசாங்கம் கெட்டாலும் யாரில் பிழை என்று உடனே சொல்லுகிற மனிதர், இன்றைக்கு மரத்தையும் குறைசொல்லவில்லை, பஹீமையும் குறைசொல்லவில்லை. பிழை தன்னுடைய கையில்தான் என்று நம்பிவிட்டார். அதுதான் பத்மாதேவியால் தாங்க முடியவில்லை. இத்தனை காலம் கேலி செய்தாளே தவிர, அந்தக் கைகளை அவள் ஒருநாளும் குறைவாக நினைத்ததில்லை. இந்த மனிதர் இனிக் காலை எழுந்தால் எங்கே போவார் என்றும் யோசித்தாள். குசினிக்குத்தான் வருவார். அதை நினைக்க அவளுக்கு உடம்பு சில்லிட்டது.

சட்டியோடு போட்டிக்கோவுக்கு வந்தாள். கணவனையும் கூப்பிட்டாள்.

"தம்பி, நீங்கள் குடிச்சது சுங்கான் இல்லை" என்றாள் பஹீமிடம். "மோர்மிளகாய். இவர் என்ர மிளகாய்ச் சட்டியில தயிர் எடுத்துப் பூசியிருக்கிறார். மரம் பாவம், அதில ஒரு பிழையும் இல்லை."

பஹீம் சிரித்த சிரிப்பில் திரும்பவும் இருமல் வந்தது. தியாகராஜா சட்டியைப் பார்த்தார், தன் பெருவிரலைப் பார்த்தார். பிறகு கராஜுக்கு ஓடிப்போய்ப் பூச்சில்லாத மற்றச் சுங்கானைக் கொண்டுவந்தார். அந்த வயதில் அவர் ஓடி அவள் பார்த்ததில்லை.

பஹீம் இந்த முறை பயந்து பயந்துதான் இழுத்தார். பிறகு கதிரையில் சாய்ந்தார். விலைவாசி, மலைப்பாதை மண்சரிவு என்று ஓயாமல் கதைக்கிறவர், கதையை நிறுத்திவிட்டார். நீலப்புகை போட்டிக்கோவைத் தாண்டி மலைப்பக்கம் போனது. தியாகராஜா ஒரு தரம் தும்மினார். பஹீம் அடைத்த புகையிலையைக் கடைசிவரை குடித்தார். முடிந்ததும் பஹீம் சாம்பலைத் தட்டி, கிண்ணத்தைக் கைக்குள் வைத்து ஆறவிட்டு, கேட்காமல் கொள்ளாமல் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார்.

"இனிச் செய்யிறத யாருக்கும் காட்டாதீங்க சேர்" என்றார். "எனக்கு முந்தி வேற ஆள் வந்துருவான்."

அவர் போன பிறகு தியாகராஜா கொஞ்ச நேரம் வாசலிலேயே நின்றார். கண் கலங்கியிருந்தது, அதற்கு மிளகாய் காரணமில்லை.

"பத்மா, நீர் சொல்லாமல் விட்டிருந்தால் கராஜ் உமக்கல்லோ" என்றார்.

பத்மாதேவி காரடிக்குப் போய்ப் பொனட்டில் கிடந்த மிளகாய்களைக் கையால் பிரட்டிவிட்டாள்.

"காரை உள்ளுக்கு விட்டால் இதுகளை நான் எங்க காயப்போடுறது" என்றாள்.