குமரவேலுக்கு ஒரு மூக்கு

கொரோனா வந்து போனதிலிருந்து குமரவேலுக்கு வாசனை தெரியாது. மீன் குழம்பும் தெரியாது, சாக்கடையும் தெரியாது. வேறு யாருக்காவது இப்படி ஆகியிருந்தால், 'கொடுத்து வெச்சவன்டா, டவுன் பஸ்ஸில் நிம்மதியா போய் வரலாம்' என்று கிண்டலடித்திருப்பார்கள். இவனுக்கோ பாகூர் ரோட்டு ஐஸ் கம்பெனியில் வேலை, அதுவும் கம்ப்ரசர் ரூமில். அங்கே குழாய்க்குள் ஓடுவது அமோனியா. கொஞ்சம் கசிந்தாலும் மூக்கைப் பிடுங்கும், ஆள் வெளியே ஓடிவிடுவான். அந்த ரூமில் மூக்குதான் உசிரைக் காப்பாற்றும். மூக்கு செத்தவனை எவன் அங்கே வைத்துக்கொள்வான்? தெரிந்தால் அன்றைக்கே வெளியே தள்ளிவிடுவார்கள். அதனால் வாயே திறக்கவில்லை. பெண்டாட்டி தேவிக்குத் தெரியும், தங்கச்சி வெண்ணிலாவுக்குத் தெரியும், அவ்வளவுதான்.

வெண்ணிலா பாண்டிச்சேரியில் ஆராய்ச்சி செய்கிறவள். சொந்த ஊரான ஏம்பலத்தில் கேட்டால், 'டாக்டருதான், ஆனா ஊசி போடாத டாக்டரு' என்பார்கள். பிளாஸ்டிக்கில் கரண்டு போகாது என்றுதானே நமக்கெல்லாம் சொல்லிக்கொடுத்தார்கள்? போகிற பிளாஸ்டிக்கும் இருக்கிறது. அதை மை மாதிரி கரைத்து மெல்லிசான ஷீட்டில் அச்சடிப்பதுதான் அவள் வேலை. அமோனியா துளி பட்டாலும் போதும், அந்தப் படலத்தில் ஓடுகிற கரண்டு சட்டென்று இறங்கும். இதை வைத்துக்கொண்டு ஐந்து வருஷம் மாரடித்தாள். கடைசியில் தீப்பெட்டி அளவுக்கு ஒரு பெட்டி செய்தாள். நடுவில் காற்று போக நாலணா அகலத்துக்கு ஒரு வட்டம், உள்ளே அந்தப் படலம். பச்சை எரிந்தால் பயமில்லை. சிவப்பு எரிந்து கத்தினால் ஓடு.

"இந்தாண்ணா, உனுக்குப் புது மூக்கு," என்று அண்ணன் சட்டைப் பையில் அவளே குத்திவிட்டாள்.

பாசம்தான், இல்லையென்று யார் சொன்னது? ஆனால் பாசம் மட்டும்தானா? அவள் எழுதிக்கொண்டிருந்த ஆய்வுக் கட்டுரைக்கு நிஜமான ஒரு கம்பெனியில் சோதித்துப் பார்த்த கணக்கு வேண்டியிருந்தது. அவளுடைய புரொஃபசர் அதைக் கேட்டுக் கேட்டு உசிரை வாங்கிக்கொண்டிருந்தார். அண்ணன் மார்பில் குத்தியது அதற்கும்தான்.

வேலை செய்யவில்லை என்று சொல்ல முடியாது. குத்திய மாசமே ஒரு நாள் சிவப்பு எரிந்து கத்தியது. கூட வேலை பார்க்கிற பாக்யராஜ் மோந்து பார்த்து, "ஒண்ணுமில்லியேப்பா" என்று முடிப்பதற்குள் குமரவேல் வால்வை மூடிவிட்டான். பிறகு பார்த்தால் நிஜமாகவே கசிவு. முதலாளி கூப்பிட்டுத் தட்டிக்கொடுத்தார். வீட்டுக்கு வந்து தேவியிடம் சொல்லிச் சொல்லி மாளவில்லை. "எந்தங்கச்சி மூளைய பாத்தியாடி!" புரொஃபசருக்கும் வாயெல்லாம் பல்.

"தண்ணி படக் கூடாது அண்ணி, வெயில்ல போடக் கூடாது, சட்டையோட தொவச்சிடாதீங்க," என்று வெண்ணிலா தேவியிடம் படித்துப் படித்துச் சொல்லியிருந்தாள். ஒன்றை மட்டும் சொல்லவில்லை. ஆயுத பூசையைச் சொல்லவில்லை.

சொல்லத் தெரியாதவளா அவள்? அவளுடைய லேபிலேயே வருஷா வருஷம் ஆயுத பூசை தடபுடலாக நடக்கும். லட்ச லட்சமாகக் கொட்டி வாங்கின மெஷினுக்கெல்லாம் சந்தனம், குங்குமம், பொரி, கடலை. பூசைக்கு முன்னால் வெண்ணிலா போய், காற்றுப் படுகிற இடங்களிலெல்லாம் டேப் ஒட்டி மூடிவிட்டு வருவாள். அந்த வருஷமும் ஒட்டினாள். அதே நேரத்தில் ஏம்பலத்தில் தேவி, புருஷனின் பைக்கைக் கழுவி, ஸ்பேனரைத் துடைத்து, எல்லாவற்றுக்கும் நடுவில் இந்தப் பெட்டியை வைத்தாள். புருஷன் உசிரைக் காக்கிற சாமான் ஆயிற்றே, இதற்குச் செய்யாமல் வேறு எதற்குச் செய்வாள்? பொட்டு வைக்கத் தோதாக அந்த வட்டம் வேறு நெற்றி மாதிரி இருந்தது. சந்தனத்தைக் கெட்டியாகக் குழைத்து வட்டம் நிறைய அப்பி, மேலே குங்குமம் வைத்தாள். பூசையில் வைத்த பொட்டைத் துடைப்பார்களா? தானாக உதிரட்டும் என்று விட்டுவிடுவார்கள். குமரவேலும் அப்படியே எடுத்துக் குத்திக்கொண்டு வேலைக்குப் போனான்.

மூன்றாம் நாள் பாக்யராஜ் லீவு. ரூமில் குமரவேல் தனியாள். காலையிலிருந்தே ஒரு குழாய் மூட்டு, கண் எரியாத அளவுக்கு லேசாகக் கசிந்திருக்கிறது. மூக்கு இருக்கிறவன் வாசலிலேயே திரும்பியிருப்பான். இவன் பெட்டியைப் பார்த்தான், பச்சை எரிந்தது. குனிந்து எண்ணெய் விட்டான். மூட்டு பிய்த்துக்கொண்டு அமோனியா முகத்திலேயே அடித்தது.

வெண்ணிலா ஆஸ்பத்திரிக்கு ஓடி வந்தபோது அவனுக்கு இரண்டு கண்ணிலும் கட்டு, தொண்டை வெந்து போயிருந்தது. வலது கண் போய்விட்டது, இடது கண்ணைப் பிறகுதான் சொல்ல முடியும் என்றார் டாக்டர். கழற்றிய சட்டையை ஒரு கவரில் போட்டுக் கொடுத்தார்கள். அதில் பெட்டி இருந்தது. அப்போதும் பச்சை!

காய்ந்து ஓடாகிப்போன சந்தனத்தைப் பார்த்தாள். நகத்தால் சுரண்டி எடுத்தாள். அடியில் படலம் பழுதில்லாமல் இருந்தது. வராந்தா கோடியில் கக்கூஸ், மூத்திர நாற்றம் குடலைப் பிடுங்கியது. அந்த வாசலில் கொண்டுபோய்ப் பெட்டியை நீட்டினாள். சிவப்பு எரிந்து கீச்சென்று கத்தியது. அண்ணன் அங்கே குற்றுயிராகக் கிடக்க, இவளுக்கு ஒரு நிமிஷம் சந்தோஷமாக இருந்தது. ஆமாம், சந்தோஷம்தான். அதற்கு வேறு பேர் கிடையாது.

உடனே புரொஃபசருக்குப் போன் போட்டாள்.

"சார், டிவைஸ் பெயில் ஆவல சார். ஃபிலிம் நல்லா இருக்கு, இப்பதான் செக் பண்ணேன். மேல சந்தனத்த அப்பி வெச்சிருக்காங்க. யூஸர் மிஸ்டேக் சார்."

"தேங்க் காட்!" என்றார் அவர். "அப்ப பேப்பர்ல எதையும் மாத்த வேணாம்." பிறகுதான் ஞாபகம் வந்தது போல, "அண்ணன் எப்படிம்மா இருக்கார்?" என்று கேட்டார்.

போனை வைத்துவிட்டுத் திரும்பினால், பிளாஸ்க்கும் கையுமாக தேவி.

"இன்னா சொன்ன? சந்தனமா? அது வெச்சதாலயா?"

இல்லை அண்ணி என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். பொய்தான், சொன்னால் நாக்கு அழுகிவிடாது. ஆனால் ஐந்து வருஷத்து உழைப்பு அவளை விடவில்லை.

"காத்து போற எடம் அண்ணி அது. அத அடச்சிட்டா எம் பெட்டி இன்னா பண்ணும்?"

தேவி அழவில்லை. பிளாஸ்க்கைக் கீழே வைத்துவிட்டு இடுப்பிலிருந்து போனை எடுத்தாள். எதையோ தேடி நீட்டினாள். பூசை அன்றைக்கு அனுப்பிய படம். பொட்டோடும் பூவோடும் அந்தப் பெட்டி. அதன் கீழே வெண்ணிலா போட்ட கும்பிடு, 'சூப்பர் அண்ணி.'

"நான் பத்தாவது ஃபெயிலு. எனுக்கு இன்னா தெரியும்? நீ பாத்தியேடி! பாத்துட்டுதான இத போட்ட?"

பார்த்தாள்தான். டேப் ஒட்டுகிற அவசரத்தில் பார்த்தாள்.

"வெண்ணிலாவா அது?" என்று உள்ளேயிருந்து குரல் வந்தது, தேங்காய் துருவுகிற மாதிரி. கதவு திறந்தேதான் இருந்தது. பேசியதெல்லாம் அவன் காதில் விழுந்திருக்கிறது. இவள் போய்க் கட்டிலருகே நின்றாள். கட்டுப் போட்ட முகம் இவள் பக்கம் திரும்பியது.

"உம் பேப்பருக்கு ஒண்ணும் ஆவலயே?"

குத்தலாகக் கேட்டிருந்தால் தாங்கியிருப்பாள். அந்தப் பாவி நிஜமாகத்தான் கேட்டான்.

"ஒண்ணும் ஆவலண்ணா," என்றாள்.

"நல்லதாப் போச்சு. நீ கெளம்புடி. தேவி கீறா, அவ பாத்துக்குவா."